மூச்சு இருபது

கொம்பையாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். கண் மட்டும் அவருடைய நெஞ்சின் மேல் இருந்தது. மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், போட்டோ எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல மூச்சையும் ஒழுங்காக விடத் தொடங்கிவிடுவார். பி.எஸ்சி. நர்சிங்கில் முதல் வருடம் சொல்லித்தரும் பாடம் இது. முதல் வருடத்தோடு மறந்துபோகும் பாடமும் இதுதான்.

ஒரு நிமிடம் எண்ணினாள். இருபத்தெட்டு வந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு முறை எண்ணினாள். அப்போதும் அதுவேதான். கட்டிலின் தலைமாட்டில் இருந்த திரையில் அந்த எண்ணைப் பதிந்தாள்.

கொம்பையாவின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. அதற்குக் கீழே, 'பதிந்தவர்: இசக்கியம்மாள், நான்காம் ஆண்டு' என்ற வரிதான் மஞ்சளாக மாறியது. அவளுடைய நம்பகப் புள்ளி எழுபத்தாறிலிருந்து எழுபத்து மூன்றுக்கு இறங்கியது.

எழுபதுக்குக் கீழே போனால் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. தேர்வுக்கோ இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. டிகிரி கையில் வந்ததும் ஜெர்மனிக்குப் போவதென்று, 'வலிக்கிறதா?', 'மலம் கழித்தீர்களா?' என்றெல்லாம் ஜெர்மன் மொழியில் கேட்கப் படித்து, அந்தப் பரீட்சையிலும் தேறி வைத்திருந்தாள். எல்லாம் இந்த ஒற்றை எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த ஜெனிபா எட்டிப் பார்த்தாள். விடுதியில் இசக்கியின் அறைத்தோழி அவள்.

"ஏட்டி, என்னத்தப் போட்ட? மஞ்சளாயிருச்சு?"

"இருபத்தெட்டு."

"கிறுக்கச்சி! இருபதுன்னு போடணும்ட்டி. மூச்சுக்கு இருபது போடாதவ இந்த ஆஸ்பத்திரில எவ இருக்கா?"

"எண்ணிப் பாத்தேன். இருபத்தெட்டுதான் வருது."

"உன்ன யாரு எண்ணச் சொன்னா?"

ஜெனிபாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வார்டில் நாற்பது பேர் படுத்திருப்பார்கள். பார்க்க இரண்டு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றால் மருந்து கொடுப்பது யார், பெட்பேன் வைப்பது யார்? அதனால் எந்தக் காலத்திலோ, எந்தப் புண்ணியவதியோ இருபது என்று எழுதிவிட்டாள். கூட இல்லை, குறைச்சல் இல்லை, டாக்டர் புருவத்தைத் தூக்கமாட்டார். சீனியர் ஜூனியருக்குச் சொல்ல, அந்த ஜூனியர் சீனியராகி அடுத்தவளுக்குச் சொல்ல, நர்சிங் படித்த எல்லாருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது அந்த இருபது. இசக்கியும் மூன்று வருடம் கூசாமல் எழுதியவள்தான்.

இன்றைக்கு அவள் எண்ணியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை எடுத்து, ஒரு வாரம் கூடவே இருந்து, கேஸ் ஸ்டடி எழுதவேண்டும். அவளுக்குக் கொம்பையா வாய்த்தார். உப்பு லாரி ஓட்டுபவர். குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து தைத்து மூன்றாம் நாள். மற்ற எல்லா வேலையும் முடிந்து, சும்மா நிற்பதற்குப் பதிலாக எண்ணிப்பார்த்தாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

"என்ன தாயி," என்றார் கொம்பையா. "மொகம்... ஒரு மாதிரி இருக்கு?"

நேற்றுவரை இந்த மனிதர் வாய் ஓயாது. நாங்குநேரி டோல்கேட்டில் போட்ட சண்டையை முக்கால்மணி நேரம் சொன்னவர். இன்றைக்கு இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பக்கத்தில் அவருடைய தங்கை மாடத்தி, விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"காலைல இருந்தே அண்ணன் இப்பிடித்தான் சிஸ்டர் இருக்கு. ஒரு வாய் கஞ்சி எறங்கல. ஆனா லைட்டு பச்சையாத்தான எரியுது?"

"ஆமாக்கா," என்றாள் இசக்கி. "பச்சைதான்."

அந்த லைட்டை எரியவைப்பது 'துணை' என்ற கணினி மூளை. நோயாளியின் கையில் கட்டிய பட்டையிலிருந்து நாடி, காய்ச்சல், ரத்தத்தில் ஓடும் ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் அது தானே எடுத்துக்கொள்ளும். மூச்சை அளக்க நெஞ்சுக்கு ஒரு வார் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வெயிலில் அரிப்புத் தாங்காமல் எல்லாரும் அவிழ்த்து எறிந்தார்கள். அதனால் மூச்சு மட்டும் நர்சு கையால் பதிவது என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பச்சையா சிவப்பா என்று துணை சொல்லும். நான்கு வார்டுக்கு ஒரு டாக்டர் என்பதால், சிவப்புக் கட்டிலுக்கு மட்டும் ஓடினால் போதும் என்று விதி. பதிகிற கைகள் ஒழுங்கானவையா என்று மாணவிகளுக்கு மதிப்பெண் போடுவதும் துணைதான். வந்த நாளிலிருந்து சாவு குறைந்தது என்றார்கள். குறைந்ததும் உண்மைதான்.

சர்ஜரி மேற்படிப்பு படிக்கும் டாக்டர் ஆதவன் வார்டைக் கடந்து வேகமாகப் போனார். இசக்கி வழியை மறித்தாள்.

"டாக்டர், கொம்பையாவுக்கு மூச்சு வாங்குது. இருபத்தெட்டு."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். "நாடி எண்பத்தாறு. ஆக்ஸிஜன் தொண்ணூத்தாறு. காய்ச்சல் இல்ல. பச்சை. என்னம்மா பிரச்சினை?"

"அவர் பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறவரு டாக்டர். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாதே? காய்ச்சலுக்கும் காலைலதான் டிரிப் போட்டிருக்கு. ஆக்ஸிஜன் குழாய் வேற மூக்குல இருக்கு. மூச்சு மட்டும்தான்..."

"கீழ ரெண்டு சிவப்பு இருக்கு. ஒருத்தருக்கு ரத்தம் நிக்கல. நான் ஒருத்தன்தான் இருக்கேன். துணை கூப்பிட்டா வரேன்."

அவர் கெட்டவர் இல்லை. சட்டையில் காலையில் சிந்திய தேநீர் காய்ந்து கிடந்தது, துடைக்க நேரமில்லை அவருக்கு. பதில் வருவதற்குள் படியிறங்கிவிட்டார்.

இசக்கி திரும்பி வந்து மறுபடியும் எண்ணினாள். முப்பத்திரண்டு. விரல் திரையின் மேல் நின்றது. போட்டால் புள்ளி இன்னும் இறங்கும். போடாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கெட்ட நிமிடம், இருபது என்று போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்போது கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறவர் மூடுவது போல இல்லாமல். அவள் முப்பத்திரண்டு என்றே போட்டாள்.

அவள் பெயர் மறுபடி மஞ்சளானது. எழுபத்தொன்று.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரையில் இருந்த ஒலிவாங்கியை அழுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"துணை, நான் பதிஞ்சதை ஏன் நம்பமாட்டேங்கிற?"

தேன் தடவிய குரல் ஒன்று பதில் சொன்னது. "வணக்கம் இசக்கியம்மாள். மனிதர்களின் மூச்சு நிமிடத்துக்கு இருபது. உங்கள் பதிவு அதிலிருந்து மிகவும் விலகியிருக்கிறது. கவனக்குறைவாக இருக்கலாம்."

"இருபதுன்னு யாரு சொன்னா?"

"செவிலியர்கள் சொன்னார்கள். பல மருத்துவமனைகளின் பல ஆண்டுப் பதிவுகளை நான் படித்திருக்கிறேன். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இருபது. உங்கள் பதிவுகளும் அவற்றில் உள்ளன."

"நோயாளிங்களுக்குமா?"

"அனைவருக்கும். கால் முறிந்தவருக்கு இருபது. நிமோனியா வந்தவருக்கும் இருபது."

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். "செத்துப்போனவங்களுக்கு?"

"இறப்பதற்கு முந்தைய கடைசிப் பதிவிலும் இருபது. இறந்த நேரத்துக்குப் பிறகு பதியப்பட்டவை சில உள்ளன. அவற்றிலும் இருபது. மனித உடலில் எந்த நிலையிலும் மாறாத அளவு மூச்சு ஒன்றுதான் என்று கற்றிருக்கிறேன். ஆகவே நோயைக் கண்டறிய அதை நான் பயன்படுத்துவதில்லை. பதிகிறவரின் நேர்மையைக் கண்டறியப் பயன்படுத்துகிறேன்."

அது மேலும் சொன்னது: "உங்கள் வசதிக்காக, இரண்டு பதிவுகளையும் இருபது என்று திருத்திவிட்டேன்."

பயம் என்றால் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவரைப் பிடித்து உலுக்கலாம். இங்கே யாரைப் பிடிப்பது? நாற்பது பேரைச் சுமந்துகொண்டு நின்ற ஆயிரம் ஆயிரம் அக்காமார்கள் ஆளுக்கொரு இருபது போட்டார்கள். அத்தனையும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யாகி, இப்போது கொம்பையாவின் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் லில்லி புஷ்பம் மேடத்தைத் தேடி ஓடினாள். மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் எடுக்கும் விரிவுரையாளர். கட்டில் விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்றால் மொத்த விரிப்பையும் உருவிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்பவர். அவரைப் பார்த்தால் ஸ்டாஃப் நர்சுகளே தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

"முப்பத்திரண்டா? முழு நிமிஷம் எண்ணினியா, இல்ல கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினியா?"

"முழு நிமிஷம் மேடம்."

மேடம் வந்தார். கொம்பையாவின் மணிக்கட்டைப் பிடித்தார், கண்ணை நெஞ்சில் வைத்தார். எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையை உடனே விடவில்லை.

"முப்பத்தி நாலு," என்றார் மெதுவாக. "பதி."

"மேடம், பதிஞ்சா என் புள்ளி..."

"என் பேர்ல பதியுறேன்."

"வேண்டாம் மேடம், எம்பேருல வந்த கேஸ்," என்று சொல்லிவிட்டு இசக்கியே பதிந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பலமுறை யோசித்தும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை. வீம்புதான், வேறென்ன? புள்ளி அறுபத்தெட்டுக்கு வந்தது. திரையின் மூலையில் 'தேர்வுத் தகுதி நிறுத்திவைப்பு' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி முளைத்தது. பதிந்த முப்பத்து நான்கு அவள் கண்முன்னே இருபதாக மாறியது. கொம்பையாவின் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

லில்லி புஷ்பம் மேடம் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். இசக்கிக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்டது. "ஆமா சார்... இல்ல சார், பச்சைதான்... மூச்சு மட்டும்... இல்ல சார், ஸ்டூடண்ட் மட்டும் இல்ல, நானும் எண்ணினேன்... காலைலயா? சரி சார்." போனை வைத்துவிட்டு, "காலைல ரவுண்ட்ஸ்ல பாக்காராம்," என்றார். அவருடைய குரலில் இருபது வருட அடக்கம் இருந்தது. அது இசக்கிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மேடம் இன்னும் யாரையோ தேடி அலுவலகத்துப் பக்கம் போனார். மாடத்தி இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், எதும் மறைக்கியளா? அண்ணனுக்கு என்ன?" வெந்நீர் வாங்கி வரும்படி இசக்கி அவளை வெளியே அனுப்பிவைத்தாள்.

துணைக்கு உண்மையைச் சொன்னால் நம்பாது. அப்படியானால் அது எதை நம்பும்? இசக்கியின் கண் கொம்பையாவின் கையில் கட்டியிருந்த பட்டையின் மேல் விழுந்தது. உடம்பு துடைக்கும்போது அதைக் கழற்றலாம். இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி கட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் கூச்சல் போடும். ஒன்று மட்டும் அதற்குத் தெரியாது. எந்தக் கட்டிலின் பட்டை என்று தெரியும். கட்டியிருப்பது யார் கை என்று தெரியாது.

அவள் பட்டையைக் கழற்றித் தன் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். மேலே ஒரு துவாலையைப் போர்த்திக்கொண்டாள். கொம்பையா பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம். வாயத் திறக்கக்கூடாது."

"தெறந்தா... மூச்சு... வாங்குது தாயி," என்றார் அவர். அந்த நிலையிலும் கேலி போகவில்லை.

வார்டுக்கு வெளியே, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காகக் கட்டிய சாய்தளம் மூன்று மாடிக்கும் சுற்றிச் சுற்றிப் போகும். இசக்கி அதில் ஓடினாள். வெள்ளைச் சீருடையில், துவாலை சுற்றிய கையோடு, பைத்தியம் பிடித்தவள்போல் ஓடினாள். நாடி ஏறினால் மட்டும் போதாது, பத்து நிமிடமாவது ஏறியபடி நிற்கவேண்டும். அப்போதுதான் துணை சிவப்புப் போடும். இல்லாவிட்டால் இருமினார், புரண்டார் என்று விட்டுவிடும். மேல் மாடிவரை ஓடித் திரும்பி இறங்கினாள். இறங்கும்போது நாடி இறங்கிவிடக்கூடாதே என்று மறுபடி ஏறினாள். விலாவில் குத்தியது. பார்வையாளர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். யாரோ, "பாவம், என்ன அவசரமோ" என்றார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் லில்லி புஷ்பம் மேடத்தின் மேல் மோதாத குறை. துவாலை நழுவிவிட்டது.

"நில்லு."

நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எந்தக் கட்டில் பட்டை அது?"

பொய் சொல்ல மூச்சில்லை. "கொம்பையா... மேடம்."

மேடம் பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரிப்பின் மூலையைப் பார்க்கும் அதே பார்வை. இந்த நொடியில் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார் என்று நினைத்தபோது இசக்கிக்கு அழுகை வந்தது. அழுதால் நாடி குறையுமா கூடுமா என்றும் கூடவே ஒரு யோசனை ஓடியது.

"நின்னா நாடி எறங்கிரும்," என்றார் மேடம். துவாலையைக் குனிந்து எடுத்து அவள் கையில் சுற்றிவிட்டார். "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல. ஓடு."

ஓடினாள். கால் மரத்துப்போய், வாயில் துரு வாடை அடித்தபோது, கீழே வார்டிலிருந்து மணி அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளைப்போல் சந்தோஷப்பட்டவர் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். பின்கதவு வழியாக உள்ளே பாய்ந்து, கொம்பையாவின் கையில் பட்டையைக் கட்டி முடிக்கவும், டாக்டர் ஆதவன் முன்கதவில் நுழையவும் சரியாக இருந்தது.

நாடி எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை. சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். கொம்பையா கத்தினார். வயிறு பலகையாக இறுகியிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு? யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டவர், இசக்கியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "தியேட்டருக்குச் சொல்லுங்க. உடனே."

உள்ளே தையல் விட்டுச் சீழ் கட்டியிருந்தது. காலை ரவுண்ட்ஸ்வரை விட்டிருந்தால் ரவுண்ட்ஸில் பார்ப்பதற்கு ஆள் இருந்திருக்காது என்று பெரிய டாக்டரே பிறகு சொன்னார்.

ஒரு வாரத்தில் கொம்பையா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். மாடத்தி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து இசக்கியைக் கூப்பிட்டார்.

"தாயி, எங்க லாரில வேகத்தக் கட்டுப்படுத்த ஸ்பீடு கெவர்னர்னு ஒண்ணு மாட்டிருப்பான். அதுக்கு டிமிக்கி குடுக்காத டிரைவரே கெடையாது. ஆனா உசிரக் காப்பாத்த டிமிக்கி குடுத்தத இப்பந்தான் பாக்கேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி. யாருட்டயும் சொல்லிராதீங்க."

"எவன்கிட்ட சொல்லப் போறேன்?" என்றவர், ஒரு துண்டு இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "ஆனா ஒண்ணு. அந்தப் பொட்டிக்கு நீ ஓடுனது தெரியாதுல்லா? நாந்தான் ஓடுனேன்னு நெனச்சுக்கிடுமோ?"

அவள் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

துணை அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. உரிய நேரத்தில் நோயாளியின் அருகில் இருந்ததற்காகப் புள்ளி தொண்ணூற்று நான்கு. தகுதி நிறுத்திவைப்பு நீங்கியது. ஹால் டிக்கெட் வந்தது. முதலாண்டு மாணவிகள் விளக்கேற்றும் விழாவில் அவளுக்குப் பாராட்டு என்றும், துணையை உருவாக்கிய சாருமதி என்பவரே சென்னையிலிருந்து வருகிறார் என்றும் சொன்னார்கள்.

விழா அன்று லில்லி புஷ்பம் மேடம் அவளுடைய தொப்பியைச் சரிசெய்துவிடுவதுபோல் கிட்டே வந்தார். "சால்வையை வாங்கு, நன்றி சொல்லு, இறங்கு. வேற ஒரு வார்த்தை பேசாத. பட்டையை மாத்திக் கட்டினது தெரிஞ்சா டிகிரி மட்டும் இல்ல, நர்சிங் கவுன்சில்ல உன் பேரே பதிய முடியாது. என்னையும் நினைச்சுக்க."

"சரி மேடம்," என்றாள் இசக்கி. மனதார அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கலையரங்கில் முதலாண்டுப் பெண்கள் கையில் விளக்கோடு வரிசையாக நின்றார்கள். மெழுகு வாடையும் மல்லிகை வாடையும் கலந்து அடித்தது. சாருமதி நடுவயதுக்காரர், ஆரவாரமில்லாத பருத்திப் புடவை, பேச்சிலும் ஆரவாரமில்லை. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு வரைகோட்டைக் காட்டினார்.

"இது ஒரு நோயாளியோட நாடி. வயித்துக்குள்ள சீழ் கட்டி, உயிருக்கு ஆபத்தான அந்தப் பத்து நிமிஷம். பாருங்க, சாதாரணமா ஏறலை. ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறுது. இப்படி ஒரு அலையை இதுவரை எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக்கூட ஏறியிருக்கு. இதைத் துணை தானாவே கண்டுபிடிச்சிருக்கு."

கைதட்டல் எழுந்தது. இசக்கி கோட்டைப் பார்த்தாள். முதல் ஏற்றம் முதல் மாடி. அந்தச் சின்ன இறக்கம், மேல் மாடியில் திரும்பிய இடம். நடுவில் குழி விழுந்தாற்போல் இறங்கியிருந்ததே, அது இரண்டாம் மாடித் திருப்பம். மேடம் அவளை நிறுத்திய இடம். தன் கால்களையே அங்கே பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த அலைதான் உண்மையான ஆபத்தோட அடையாளம்னு துணை கத்துக்கிச்சு," என்று தொடர்ந்தார் சாருமதி. "இனிமே சும்மா நாடி ஏறினதுக்கெல்லாம் சிவப்புப் போட்டு டாக்டர்களை அலைக்கழிக்காது. இந்த அலை இருந்தா சிவப்பு. இல்லன்னா பச்சை. நாளையிலிருந்து தமிழ்நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரியிலும் இது வேலை செய்யும். இதுக்குக் காரணமா இருந்த மாணவி இசக்கியம்மாள்."

மறுபடியும் கைதட்டினார்கள். ஜெனிபா நாலாவது வரிசையிலிருந்து விசில் அடித்தாள்.

மேடைக்குப் போகும் படி நான்கோ ஐந்தோதான். இசக்கிக்கு அது சாய்தளத்தைவிட நீளமாக இருந்தது. ஊரில் எங்கெங்கோ கட்டிலில் கிடப்பவர்களை நினைத்தாள். சீழ் வைத்து, மூச்சு வாங்கி, பேச்சு நின்று கிடப்பார்கள். அவர்கள் எழுந்து மூன்று மாடி ஓடினால்தான் விளக்கு சிவக்கும். ஓடாதவர்கள் பச்சையிலேயே போய்ச்சேர்வார்கள். இருபது போட்ட அக்காமார்களை எவ்வளவு திட்டினாள் அவள்! அவர்கள் ஆளுக்கொரு துளி போட்டார்கள். இவள் ஒரே நாளில் ஒரு குடம் ஊற்றியிருக்கிறாள்.

சால்வையை விரித்துக்கொண்டு சாருமதி கிட்டே வந்தார். இசக்கி இரண்டு கையையும் கூப்பித் தடுத்தாள். முன்வரிசையில் லில்லி புஷ்பம் மேடம் தலையை இடவலமாக லேசாக அசைத்தார். அவரைப் பார்த்தால் பேச முடியாது என்று தெரிந்ததால் இசக்கி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், அந்த நாடி கொம்பையாவோடது இல்ல." ஒலிபெருக்கியில் தன் குரல் இவ்வளவு சின்னதாகக் கேட்குமென்று அவள் நினைக்கவில்லை. "என்னோடது. பட்டையக் கழட்டி நான் கட்டிக்கிட்டேன். சாய்தளத்துல மேலயும் கீழயும் ஓடினேன். யாரும் சொல்லித்தரல, நானாத்தான் செஞ்சேன். அத எங்கயும் அனுப்பிராதீங்க."

கல்லூரி முதல்வர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். முதலாண்டுப் பெண் ஒருத்தியின் விளக்கிலிருந்து மெழுகு விரலில் சொட்டி, அவள் 'ஸ்' என்று இழுத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

சாருமதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட இசக்கிக்குத் தேவலையாக இருந்திருக்கும். சால்வையை மடித்தபடியே, உண்மையிலேயே விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார்.

"அன்னிக்கு அவருடைய நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன் எல்லாமே நல்லா இருந்துச்சு. நானே பார்த்தேன். அப்போ அவருக்கு ஆபத்துன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"மூச்சு மேடம். முப்பத்தி நாலு இருந்துச்சு."

"முப்பத்தி நாலா?" அவர் நெற்றி சுருங்கியது. "பதிவுல இருபதுன்னு இருக்கே. இவ்வளவு முக்கியமான விஷயத்தை நீ ஏன் துணைகிட்ட சொல்லலை?"

"சொன்னேன் மேடம்," என்றாள் இசக்கி. "மூணு தடவ சொன்னேன்."